கீரிமலைத் தீர்த்தமும் மாற்றுரைத்த வரலாறும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் ஒருங்கே போற்றுவது சைவ மரபு. ஆயினும் விழாக் காலச் சொற்பொழிவுகளை நோக்கினால், மூர்த்தியின் பெருமைக்கு ஒரு நாளும் தலத்தின் பெருமைக்கு ஒரு நாளும் கிடைக்கின்றன. தீர்த்தத்திற்குக் கிடைப்பவை நாலைந்து வாக்கியங்களே. அதன் பெயர், அதில் நீராடிப் பேறு பெற்றோர் பெயர், நீராடுதற்கு உகந்த நாள் என்னும் அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது, வருகின்ற வழியில் அதற்கு என்ன நேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. பங்குனி உத்திரப் பெருவிழாவிற்காகத் திருவாரூரில் கூடியுள்ள மெய்யன்பர்கள் ஒரு நாழிகை அந்தக் கேள்வியோடு இருக்க வேண்டும் என விரும்பி, ஒரு தீர்த்தத்தின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்கின்றோம். அது நம் ஊர்த் தீர்த்தம் அன்று, கடல் கடந்தது. ஈழ நாட்டில், யாழ்ப்பாணத்தின் வடகரையில், நகுலேஸ்வரப் பெருமான் திருக்கோயிலை அடுத்து, கடலலைக்கு மிக அணித்தாய் ஊறும் கீரிமலை நன்னீர் ஊற்றே அது.

ஆரூரில் இருந்துகொண்டு கீரிமலையைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் ஆரூர் வரலாற்றிலேயே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுவோம்.

கோயிலும் குளமும் செங்கழுநீர் ஓடையும் தனித்தனியே ஐந்து வேலி என்பது நம் ஊர் வழக்கு. ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். கோயிலுக்கு மேற்கே பரந்து கிடக்கும் கமலாலயத்தின் கரையில் நிற்கும்போது, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. குடகு மலையில் பெய்த மழை காவிரியாகி, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, ஓடம்போக்கி ஆற்றின் வழியே வாய்க்காலில் புகுந்து குளத்தை அடைகிறது. வழி முழுவதும் கண்ணால் காணத்தக்கது. மதகு அடைபட்டிருந்தால் தெரியும். வாய்க்காலில் மண் மேவியிருந்தால் தெரியும். 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கமலாலயக் கரைச் சுவரின் ஒரு பகுதி சரிந்து விழுந்தபோது ஊரே திரண்டு சென்று பார்த்தது. நம் நாட்டுத் தீர்த்தங்களின் குறையும் நிறையும் வெளிச்சத்தில் நிகழ்பவை.

இந்தக் குளத்தில்தான் ஒருகால் காணாத வழியாக ஒரு பொருள் வந்து சேர்ந்தது. பங்குனி உத்திரத் திருவிழாவிற்குப் பரவையார் செய்யும் அறங்களுக்குப் பொன் வேண்டிய நம்பியாரூரர், திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு ஆணை பிறந்தது. விருத்தாசலத்திற்கும் ஆரூருக்கும் நேர்த் தொலைவே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இடையில் கொள்ளிடமும் காவிரியும் குறுக்கே ஓடுகின்றன. ஆரூரர் பொன்னை ஆற்றில் இட்டார். ஆனால் இடுமுன் ஒன்று செய்தார். அதை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். அப்பொன்னில் ஒரு சிறு துண்டை மாற்றறிவதற்காக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னர்க் கமலாலயத்தில் இறங்கித் தேடியபோது, ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுகின்றீரே என்று பரவையார் நகைத்ததும், பதிகம் பாடியபின் பொன் கைக்கு வந்ததும் யாவரும் அறிந்தவை. வந்த பொன்னைக் கையிலிருந்த துண்டோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! இட்டது பன்னீராயிரம், எடுத்ததும் பன்னீராயிரம், எண்ணிக்கையில் குறைவில்லை. குறைந்தது தரம். மீண்டும் பாடியபின்னரே அது பழைய மாற்றுக்கு வந்தது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் அந்த வரலாற்றிற்குச் சான்றாக எழுந்தருளியிருக்கின்றார்.

இந்த வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடலைக் கடப்போம். நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஆரூரிலிருந்து நாகைக்கு ஒரு மணிப் பயணம். அங்கிருந்து கடலில் நான்கு மணி நேரம். நம் முன்னோர் பாய்மரத் தோணியில் சென்ற வழி இது. முதலாம் இராசராசன் காலத்தில் சோழர் படை ஈழத்தில் இறங்கியதும், ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நிவந்தமாக விடப்பட்டதும் கல்வெட்டு கூறும் செய்திகள். அரசர் சென்ற வழியினும் அடியார் சென்ற வழி பழையதாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

காங்கேசன்துறை என்ற பெயரிலேயே ஒரு சோழ நாட்டுக் கதை இருக்கிறது. மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை முதலிய நூல்களும் ஊர் மரபும் கூறும் கதை இது. திசையுக்கிர சோழன் என்னும் மன்னனின் மகள் மாருதப்புரவீகவல்லி. அவளுக்குக் குன்ம நோயும் குதிரை முகமும் வாய்த்திருந்தன. மருத்துவர் பலர் முயன்றும் தீராமையால், முனிவர் ஒருவர் வாக்கின்படி அவள் கடல் கடந்து வந்து கீரிமலையில் தங்கி, நாள்தோறும் ஊற்றில் நீராடி நகுலேஸ்வரரை வழிபட்டாள்; நோயும் தீர்ந்தது, முகமும் மாறியது. அந்த நன்றியில் முருகப் பெருமானுக்கு ஒரு கோயில் எடுத்தாள். அதுவே மாவிட்டபுரம். மா என்பது குதிரை; குதிரை முகம் விட்ட ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்லுவர். கோயிலுக்கு வேண்டிய காங்கேயன் திருவுருவம் சோழ நாட்டிலிருந்து வந்திறங்கிய துறை காங்கேயன் துறையாயிற்று. பூசைக்குரிய அந்தணர் தில்லையிலிருந்து வந்தார்.

ஊற்றின் பெயர்க் காரணமும் இதனோடு ஒத்ததே. கீரி முகம் பெற்ற நகுல முனிவர் இங்கே தவமிருந்து நீராடி நல்லுருப் பெற்றார். நகுலம் என்பது கீரி. அதனால் ஊர் கீரிமலையும் நகுலகிரியும் நகுலாசலமும் ஆயிற்று; இறைவர் நகுலேஸ்வரர், இறைவியார் நகுலாம்பிகை. தீர்த்தத்திற்குக் கண்டகி தீர்த்தம் என்று புராணப் பெயர். ஈழத்தின் ஐந்து ஈச்சரங்களுள் ஒன்றாக இத்தலத்தை வைத்து எண்ணுவர்.

திசையுக்கிர சோழன் என்னும் பெயரைச் சோழர் மெய்க்கீர்த்திகளில் நாம் காண்பதில்லை. ஆதலின் இதனை ஆண்டு குறித்து எழுதும் அரச வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆனால் இரு கதைகளும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன: மனிதர் முகத்தை மாற்றத்தக்க நீர் ஒன்று அந்தக் கரையில் இருந்தது, அதனைத் தேடி இக்கரையிலிருந்து மக்கள் சென்றனர். கதை சொன்ன மக்கள் மன்னன் பெயரில் தவறியிருக்கலாம். நீரின் அருமையில் தவறவில்லை.

கீரிமலை என்னும் பெயரைக் கேட்டுப் பழனியையோ சிராப்பள்ளியையோ மனத்தில் வைத்துச் செல்பவர் ஏமாறுவர். அங்கே மலை இல்லை. கடலோரம் சற்றே உயர்ந்த சுண்ணாம்புக் கற்பாங்கான மேடு, அவ்வளவே. நாம் சென்றது திருவிழா இல்லாத ஒரு நாள். நம் கண்ணில் முதலில் பட்டது கடல். அடுத்து, அதன் விளிம்பிலேயே படிகள் கட்டிய கேணி. யாழ்ப்பாணத்தார் இதனைக் குளம் என்னார், கேணி என்பர். ஆடவர்க்கு ஒன்று, பெண்டிர்க்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. கேணியின் மதிலுக்கு அப்புறம் அலை மோதுகின்றது. இப்புறம் நீர் அசையாமல் குளிர்ந்திருக்கின்றது. படியில் இறங்கிக் கை நிறைய அள்ளி வாயில் விட்டோம். உப்பு இல்லை! நாலடி தள்ளி உலகத்து உப்பெல்லாம் கரைந்த கடல் கிடக்க, இங்கே நன்னீர். அந்நீர் அடியிலிருந்து ஓயாமல் ஊறி, நிறைந்து, மிகுந்தது கடலிலேயே போய் விழுகின்றது.

ஆடி அமாவாசையன்று இந்த இடம் வேறு கோலம் கொள்ளும். தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் ஆற்றுவதற்கு யாழ்ப்பாணத்தின் ஊர்களிலிருந்தெல்லாம் இங்கே வருவர். அன்றே மாவிட்டபுரம் கந்தசுவாமியும் திருவிழாவின் நிறைவாகத் தீர்த்தமாட இங்கு எழுந்தருளுவார். நகுலேஸ்வரர்க்கு மாசிச் சிவராத்திரியை ஒட்டித் தீர்த்தம். தந்தைக்கு நீர்க்கடன் செய்ய நாம் பூம்புகாருக்கும் வேதாரணியத்திற்கும் போவது போல, அந்நாட்டார்க்கு இந்தக் கேணி.

அத்தகைய தலம் நான்கு நூற்றாண்டுகளாகப் பட்ட பாடு சிறிதன்று. 1619இல் போர்ச்சுக்கீசியர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் நல்லூரும் கீரிமலையும் உள்ளிட்ட கோயில்கள் இடிக்கப்பட்டன. இடிக்கப்படுமுன் திருவுருவங்களைக் கிணற்றில் மறைத்தனர் என்பது மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம் தமிழகத்தார்க்கும் பெரியபுராணத்தை உரைநடையில் தந்து உதவிய ஆறுமுக நாவலர், இடிந்து கிடந்த பழங்கோயில்களை மீண்டும் எடுக்குமாறு மக்களைத் தூண்டினார். 1879இல் நாவலர் மறைந்தார். 1890களில் கீரிமலையில் கோயில் மீண்டும் எழுந்தது. மீண்டும் 1990 அக்டோபரில், உள்நாட்டுப் போரின் நடுவே, வான்குண்டு வீச்சில் கோயில் சிதைந்தது. சுற்றுப்புற ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. வலிகாமம் வடக்கு மக்கள் வீடும் தோட்டமும் விட்டுப் பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2012இல் கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கோயில் இரண்டு முறை வீழ்ந்து இரண்டு முறை எழுந்திருக்கின்றது. ஊற்றோ இத்தனைக்கும் இடையில் ஊறிக்கொண்டே இருந்தது. இதனைக் கேட்டு மகிழும் அன்பர், ஆகவே ஊற்றிற்கு அழிவில்லை என்று முடிவு கட்டிவிடுதல் ஆகாது. அதனை அறிய, இந்நீர் வரும் வழியை அறிந்தாக வேண்டும்.

சோழ வளநாட்டில் கல் இல்லை. ஆரூர்க் கோயிலின் கல்லெல்லாம் வெளியிலிருந்து வந்தது. நம் காலடியில் இருப்பது காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து பரப்பிய வண்டலும் மணலும் களியும். யாழ்ப்பாணம் இதற்கு நேர் மாறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றேனும் கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. மண் மெல்லிய செம்மண் போர்வை. அதற்குக் கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று நிலநூலார் கூறும் காலத்தில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இதனினும் பழையது.

சுண்ணாம்புக்கல் மழை நீரில் கரையும். இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பள்ளி மாணவரும் செய்து பார்க்கும் சோதனைதான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் அது பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கூடிச் சுண்ணாம்புக்கல் தூளாகிறது. நிறுத்தாமல் இன்னும் ஊதிக்கொண்டே இருந்தால், அந்த வெண்மை மறைந்து நீர் மறுபடியும் தெளிகிறது. மிகுந்த கரியமில வாயு அந்தக் கல்லைக் கரைத்துவிட்டது. மழை நீரும் இவ்வாறே வானிலும் மண்ணிலும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு கல்லின் விரிசலில் இறங்குகிறது. இறங்கும்போது கல்லை அணு அணுவாகக் கரைக்கிறது. கீறல் பிளவாகிறது, பிளவு வாயாகிறது, வாய் சுரங்கமாகிறது. கரைந்த சுண்ணாம்பே யாழ்ப்பாணத்து வீடுகளில் வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெண்காரையாகப் படிவது. இவ்வாறு கல் கரைந்து நீர் உள்ளே மறைந்தோடும் நிலத்தைக் கார்ஸ்ட் என்பர். இத்தாலிக்கும் சுலொவீனியாவுக்கும் எல்லையில் உள்ள ஒரு சுண்ணாம்பு மேட்டின் பெயர் அது. உலகம் முழுவதற்கும் பொதுப் பெயராயிற்று.

ஆகவே கீரிமலையில் ஊறுவது பாதாளத்திலிருந்து வருவதன்று. கடல் நீர் வடிகட்டப்பட்டு வருவதும் அன்று. வலிகாமத்து ஊர்களில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையே அது. தோட்டத்தில், தெருவில், கோயில் வீதியில், குளத்தில் விழுந்த மழை கல்லுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் வடக்கே நடந்து, கடல் தடுக்கும் இடத்தில் மேலே வருகிறது.

யாழ்ப்பாணத்து மக்கள் இதனைத் தம் வழியில் அறிந்திருந்தனர். புத்தூருக்கு அருகில் நிலாவரை என்னும் ஆழ்ந்த இயற்கைக் கிணறு ஒன்று உண்டு. இராமபிரான் அம்பெய்து தோன்றியது என்று சொல்லுவர். சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து வாய் திறந்த இடம் அது. மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அந்த நிலாவரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை இட்டால், அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று ஊரார் சொல்லுவர். நிலாவரைக்கும் கீரிமலைக்கும் இடையே பல கல் தொலைவு. இதனை முதன்முதலில் கேட்டபோது ஆரூரார் ஆகிய நமக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எலுமிச்சம்பழம் மிதந்து வருமோ வாராதோ, அது கிடக்கட்டும். ஓரிடத்தில் மறைந்த நீர் வேறோரிடத்தில் தோன்றும் என்னும் எண்ணம் பிழையன்று. ஜெர்மனியில் டான்யூப் ஆறு இம்மெண்டிங்கென் என்னும் ஊருக்கு அருகே தன் படுகையிலுள்ள சுண்ணாம்புப் பிளவுகளில் இறங்கி மறைகிறது. மறைந்த நீர் எங்கே போகிறது என்று பக்கத்து ஊரார்க்குள் வழக்கு. 1877ஆம் ஆண்டு, நாப் என்னும் பேராசிரியர் அங்கே 10 கிலோகிராம் சாயப் பொருளைக் கரைத்துவிட்டார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் என்னும் ஊற்றில் நீர் பசேலென்று பொங்கியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய டான்யூப் நீரில் ஒரு பங்கு, பாறைக்குள் வழி மாறி, ரைன் ஆற்றோடு சேர்ந்து வடகடலுக்குப் போகிறது என்று அன்று துணிந்தனர். ஆற்றில் இட்டது ஊற்றில் வந்தது.

இச்செய்தியைக் கொண்டு சுந்தரர் வரலாற்றிற்கு விளக்கம் கூற நாம் முற்படவில்லை. முதுகுன்றத்திலிருந்து ஆரூர் வரை மண்ணடியில் சுண்ணாம்புச் சுரங்கமும் இல்லை. பொன் நீரில் மிதப்பதும் இல்லை. அது திருவருட் செயல். அதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்று வேண்டா. நாம் எடுத்துக்கொள்வது நம்பியாரூரர் கையிலிருந்த அந்தச் சிறு துண்டை மட்டுமே. காணாத வழியில் ஒரு பொருளை இடுபவர், எடுக்கும்போது எண்ணிப் பார்த்தால் போதாது, உரைத்தும் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். கீரிமலையில் இன்று கேட்கத்தக்க கேள்வி அதுவே. நீர் வருகிறது, மாற்று எப்படி?

வண்டல் நிலத்தில் மேலே விழும் அழுக்கு, மணலிலும் களியிலும் மெல்ல மெல்ல ஊர்ந்து செல்லும்போது பெரிதும் வடிந்துபோகும். சுண்ணாம்புச் சுரங்கத்தில் அந்த வடிகட்டி இல்லை. விரிசல் வழியே இறங்கியது இறங்கியபடியே போகும். டான்யூபின் சாயம் 12 கிலோமீட்டர் சென்றும் பச்சை மாறாமல் வந்தது இதனாலேயே. வலிகாமத்தில் தோட்டப் பயிர்களுக்கு இடும் யூரியாவும், மலக்குழிகளின் கசிவும் நைத்திரேற்றாக நீரில் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லையை மீறிய கிணறுகள் வலிகாமத்தில் பல என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு இந்நீர் பாலில் கலந்தால் குருதி நீலிக்கும் நோய் வரக்கூடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாவில் வைத்தால் இனிக்கும்.

சுன்னாகத்தில் நேர்ந்தது அனைவரும் கண்டது. கீரிமலைக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலுள்ள அந்த ஊரில், 2014, 2015 ஆண்டுகளில் கிணறு கிணறாக எண்ணெய் மிதந்தது. மின்சாரம் ஆக்கும் நிலையமொன்றின் கழிவெண்ணெய் கல்லுக்குள் இறங்கியதே காரணம் என்று வழக்கு எழுந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு அளிக்குமாறு தீர்ப்பளித்தது. இழப்பீடு வந்தாலும் கல்லுக்குள் இறங்கியதை எவர் கையை விட்டு எடுப்பது?

இன்னொரு செய்தியும் உண்டு. இது கடலைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் நன்னீர் கடல் நீரின்மேல் மிதந்து கொண்டிருக்கின்றது. கடல் நீர் உப்பால் கனத்தது; நன்னீர் அதனினும் நாற்பதில் ஒரு பங்கு இலேசானது. அதனால் கடல் மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பதடி நன்னீர் நிற்கும். கீபென் என்னும் டச்சு நாட்டாரும் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதன் மறுபக்கம் அஞ்சத்தக்கது. மேலே ஓரடி நீர் குறைந்தால், கீழே நாற்பதடி உப்பு நீர் ஏறிவரும். துலாவால் இறைத்த காலத்தில் ஒரு மனிதனின் கால் வலி அளவிற்கே நீர் வெளிவந்தது. இயந்திரப் பம்பு வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சிமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய பெரும் பள்ளங்களும் அந்தக் கரையில் கிடக்கின்றன. நன்னீரைத் தாங்கி நிற்கும் கல்லையே சிமெந்தாக்கி விற்றோம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆற்று மணலை அள்ளிய நாட்டிலிருந்து சென்ற நாம் அவர்களைக் குறை கூறும் தகுதி உடையோம் அல்லோம்.

திருவாரூர்க் குளத்திற்குத் தொண்டு செய்தே நாயன்மாருள் ஒருவரானவர் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். குளத்தின் பரப்பு குறைந்து வருதல் கண்டு, இல்லை, கேட்டு, அதனை அகழத் தலைப்பட்டார். நடுவில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டினார். கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக் கரைக்குச் சுமந்தார். எள்ளி நகைத்தோர் தறியைப் பிடுங்கிய பின்னும் பணியை விடவில்லை. பின்னர்க் கண்ணொளி பெற்றார் என்பது புராணம். காணாத நீரைக் காக்க வேண்டிய வலிகாமத்து அடியார்க்கும், அவரைப் போலப் பற்றிச் செல்ல ஒரு கயிறு உண்டு. அந்தக் கயிறு கிணற்று நீரைப் பருவந்தோறும் எடுத்துச் சோதித்துக் குறித்து வைப்பதே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இப்பணியில் ஈடுபட்டு வருகின்றனர். அது நம்பியாரூரர் கையில் வைத்திருந்த பொன் துண்டிற்கு நிகர்.

ஆடி அமாவாசைக்கோ சிவராத்திரிக்கோ கீரிமலைக்குச் செல்ல எண்ணும் ஆரூர் அன்பர்க்கு ஒன்று கூறுவோம். கேணியில் எண்ணெயும் சவர்க்காரமும் தேய்த்து நீராடுதல் கூடாது. இது நீங்கள் அறிந்ததே. காங்கேசன்துறையில் இறங்கியதும் நேரே கேணிக்குப் போய்விடாமல், ஒரு நாளேனும் வலிகாமத்தின் உள்ளூர்களைச் சுற்றிப் பாருங்கள். கோயில்தோறும் ஒரு சிறு குளம் இருக்கும். நம் கமலாலயத்தை அறிந்த கண்ணுக்கு அது ஒரு குட்டையாகத் தோன்றும். கோடையில் வறண்டு, மாடு மேயும். இதற்கு எதற்கு இத்தனை படி, இத்தனை கரை என்று தோன்றும். சில குளங்கள் தூர்ந்து மேடாகிவிட்டன; சிலவற்றை ஊர் இளைஞர் தூர் வாரியிருக்கின்றனர். கார்த்திகை மழையில் அந்தக் குளம் நிரம்பி, சில கிழமைகளில் தானே வற்றிப்போகும். வற்றிய நீர் வெயிலில் போனது கொஞ்சம். கல்லுக்குள் இறங்கியது மிச்சம். கீரிமலைக் கேணியில் மூழ்கித் தந்தையார்க்கு எள்ளும் நீரும் இறைப்போர் கையில் அள்ளுவது அந்த மிச்சத்தைத்தான்.